நடனத்திலிருந்து ஓவியத்துக்கு: இரண்டாவது தொழிலாக எடுப்பவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

மேடைப்பக்கம் (இழையைத் தொடங்கியவர்)

நாற்பதை நெருங்கும்போது முட்டி, இடுப்பு, குதிகால் என்று ஏதாவது ஒன்று மக்கர் செய்ய ஆரம்பிக்கும். பரதம் ஆடுபவர்கள் பெரும்பாலும் வகுப்பு எடுப்பதோடும் நட்டுவாங்கத்தோடும் (தாளம் போட்டு ஆட்டத்தை நடத்துவது) நின்றுவிடுகிறார்கள். சிலர் ஓவியத்தை முழுநேரத் தொழிலாக எடுக்க நினைக்கிறார்கள். பிரிட்டனில் 1973 முதலும் கனடாவில் 1985 முதலும் ஆடுவதை நிறுத்தும் கலைஞர்கள் வேறு தொழில் கற்க உதவும் அமைப்புகள் இருக்கின்றன. நம் பக்கம் அவரவரே தட்டுத்தடுமாறி வழி கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஊக்கப் பேச்சு வேண்டாம். எந்தப் பயிற்சி, எந்தப் பொருள், எங்கே சறுக்கும், எப்படி விற்பது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஏற்கெனவே இருபது வருடம் ஆடிய உடம்பு என்பதை வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

---

கரித்துண்டு

முதல் ஆறு மாதம் வண்ணத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. நியூஸ்பிரின்ட் தாள் (ஏ2 அளவு, குறைந்தது ஏ3), வில்லோ கரிக்குச்சி, பிசையும் ரப்பர், தாளைக் கவ்வ ஒரு பலகை. இவ்வளவு போதும். பேனா பிடிப்பது மாதிரி பிடிக்காமல் கரியை உள்ளங்கைக்கு அடியில் படுக்க வைத்துப் பிடிக்க வேண்டும். கோடு மணிக்கட்டிலிருந்து வரக்கூடாது, தோளிலிருந்து வர வேண்டும். ஆடியவர்களுக்கு இது இரண்டே நாளில் பிடிபடும். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் மற்ற மாணவர்களைவிட வெகு தூரம் முன்னால் இருக்கிறார்கள்.

தினசரிக் கணக்கு: 30 வினாடிப் படம் 20, ஒரு நிமிடப் படம் 10, இரண்டு நிமிடப் படம் 5, கடைசியில் பத்து நிமிடப் படம் ஒன்று. மொத்தம் 40 நிமிடம். ஆள் கிடைத்தால் ஆளை வைத்து வரையுங்கள். கிடைக்காத நாளில் காணொளியை நிறுத்தி வைத்து வரையலாம். அதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

சறுக்கும் இடம் எடை. நாட்டடவை (பரதத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகளில் ஒன்று) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் மடங்கி நிற்கிறது, மறு கால் பக்கவாட்டில் நீண்டு குதிகாலால் தரையைத் தொடுகிறது. ஏறக்குறைய முழு எடையும் மடங்கிய காலில்தான். கழுத்துக் குழியிலிருந்து ஒரு தூக்குநூல் விட்டால் அது அந்தப் பாதத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். நடனக் கலைஞர்கள் வரையும்போது நூல் இரண்டு பாதங்களுக்கும் நட்டநடுவில் விழுகிறது. உருவம் தரையில் நிற்காமல் சுவரில் ஒட்டிய பொம்மையாகிவிடுகிறது. காரணம், அவர்கள் மனதில் இருப்பது அடவு முடியும் அழகான வடிவம். அந்த வடிவத்துக்கு எடை எப்படி வந்து சேர்ந்தது என்பது உடம்புக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

இதைச் சரிசெய்ய ஒரே வழி, முதல் கோடாக உருவத்தின் ஓரத்தைப் போடாமல் தூக்குநூலைப் போடுவது. அடுத்து எடை தாங்கும் கால். அதற்கு அப்புறம் இடுப்பின் சாய்வு, அதற்கு எதிராகத் தோளின் சாய்வு. முகம் கடைசி.

---

ஜதிக்காரன்

கரித்துண்டு சார் சொன்னதோடு ஒன்று. அரைமண்டியை (முட்டிகளை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி அமர்ந்த நிலை) முன்னிருந்து பார்த்தால் தொடைகள் பக்கவாட்டில் திறந்திருப்பதால் கிட்டத்தட்ட முழு நீளமும் தெரியும். அதனால்தான் அது வைரக்கட்டம் போலத் தெளிவாக விழுகிறது. ஆடுபவர் முக்கால் பக்கம் திரும்பினால், நம்மை நோக்கி வரும் தொடை வெகுவாகச் சுருங்கிவிடும், முட்டி பெரிதாகும். இந்தச் சுருக்கத்தைப் போடப் பயந்து எல்லாப் படத்தையும் நேர்முகமாகவே போடுவது ஆடியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் குறை. சபாவின் முதல் வரிசையைப் பார்த்தே பழகிய உடம்பு என்பதால் வரும் குறை.

கண்ணாடி இன்னொரு சிக்கல். இத்தனை வருடம் தன்னைக் கண்ணாடியில் பார்த்தவர் நினைவிலிருந்து வரைந்தால் இடது வலது மாறிப்போகும். அபயம் காட்டும் கை இடதாகிவிடும், முந்தானை தப்பான தோளில் ஏறும். சாமிப்படம் வாங்குபவர் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

---

சிற்பநூல்

அளவு முறை பற்றிப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சிற்ப நூல்களில் உத்தம தசதாலம் 124 அங்குலம், மத்யம தசதாலம் 120, நவதாலம் 108. இந்த அங்குலம் இன்ச் அல்ல, தாலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. தாலம் என்பது முடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை உள்ள முகத்தின் நீளத்தை ஒட்டிய அளவு. மேற்கத்திய உடற்கூற்றுப் புத்தகத்தில் வரும் ஏழரைத் தலை என்பது உச்சியிலிருந்து முகவாய் வரை. இரண்டும் வேறு வேறு அளவுகோல். பத்துத் தாலம் என்று படித்துவிட்டுப் பத்துத் தலை உயரம் போட்டால் உருவம் ஒட்டடைக்குச்சி ஆகிவிடும்.

தெய்வ உருவம் போட்டால் தாலக்கணக்கு, மனித உருவம் போட்டால் ஏழு, ஏழரைத் தலை. ஒரே படத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

பார்த்து வரைய நம்மிடம் இருக்கும் செல்வத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிதம்பரம் கோபுர வாயில்களில் 108 கரணங்களும் (நாட்டிய சாஸ்திரம் சொல்லும் ஆடல் நிலைகள்) இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் சுற்றில் 81 முடிந்தவை, மீதிக்குக் கல் வெறுமனே விடப்பட்டிருக்கிறது. சித்தன்னவாசல் தூண்களில் இருக்கும் ஆடல் மகளிர் ஒன்பதாம் நூற்றாண்டு. இதில் சிதம்பரம்தான் உட்கார்ந்து வரைய வசதி. கையடக்க நோட்டும் 2பி பென்சிலும் போதும். காலை வெயில் சாய்வாக விழும் பக்கத்தில் புடைப்பு நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் போனால் எல்லாம் தட்டையாக இருக்கும்.

சித்தன்னவாசலில் கவனிக்க வேண்டியது, கோடு எங்கே அழுத்தம் கொடுக்கிறது, எங்கே மெலிந்து விடுகிறது என்பது. இடுப்பு ஒடியும் பக்கத்தையும் நீளும் பக்கத்தையும் கோட்டாலேயே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நிழல் மிகக் குறைவு.

---

மருதாணி

கைகளைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. ஹஸ்தம் (கை முத்திரை) தெரிந்தவர் கையைப் பிரமாதமாக வரைவார் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. விரல்கள் அத்தனையும் துல்லியமாகத் தெரிவதால் நேராக விரலில் ஆரம்பித்துவிடுகிறார்கள். உள்ளங்கை சின்னதாகிறது, மணிக்கட்டு காணாமல் போகிறது.

அலபத்மத்தை (விரல்கள் விரிந்த தாமரை முத்திரை) வைத்துச் சொல்கிறேன். முதலில் முன்கையின் திசை. அடுத்து மணிக்கட்டின் முறிவு, எந்தப் பக்கம் எவ்வளவு என்று ஒரே கோடு. அப்புறம் உள்ளங்கையை ஓர் ஆப்பு வடிவமாக, சுண்டுவிரல் பக்கம் ஒரு தடிமன், கட்டைவிரல் பக்கம் ஒரு தடிமன் என்று போடுங்கள். விரல்களை ஆடும்போது விரியும் அதே வரிசையில், சுண்டுவிரலில் தொடங்கிப் போடுங்கள். ஒவ்வொரு விரலும் அடுத்ததிலிருந்து எந்தக் கோணத்தில் பிரிகிறது என்பது அப்போதுதான் சரியாக வரும். நம்மை நோக்கி நீளும் விரலுக்கு மூன்று கணுவையும் காட்ட வேண்டாம், நுனியும் நடுக்கணுவும் போதும். கடைசியாகக் கட்டைவிரலின் அடிச்சதை. இதை விட்டுவிட்டால் கை ரப்பர் கையுறை மாதிரி இருக்கும்.

அளவு: மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை, முகவாயிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை, இரண்டும் ஏறக்குறைய ஒன்று. பாதத்தின் நீளம் முன்கை நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். பாதத்தைச் சின்னதாகப் போடும் பழக்கத்தை இதை வைத்துத் திருத்தலாம்.

நடன உடையின் விசிறி மடிப்புக்கும் இதே விதி. ஒவ்வொரு மடிப்பையும் எண்ணிப் போட்டால் உடை தகரம் போல நிற்கும். மடிப்புகள் தைத்துக் கட்டப்பட்டிருக்கும் இடம், முட்டி துணியைத் தள்ளும் இடம் இரண்டையும் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு நடுவே இழுபடும் மூன்று நான்கு மடிப்பை மட்டும் கூர்மையாகப் போடுங்கள். மற்றவை நிழலில் கரையட்டும்.

---

வாய்க்கால்கரை

எல்லோரும் கோட்டிலேயே நிற்கிறீர்கள். பிழைப்பு என்று பார்த்தால் தஞ்சாவூர் ஓவியம்தானே சட்டென்று விலை போகும்? தியான சுலோகம் (தெய்வத்தின் உருவத்தைச் சொல்லும் பாட்டு), ஆயுதம், வாகனம் எல்லாம் ஆடியவருக்கு மனப்பாடம். கற்றுக்கொள்ளவும் வகுப்புகள் ஏராளம்.

---

பொன்தகடு

@வாய்க்கால்கரை, விலை போகும். கை வேலை என்ன என்று தெரிந்துகொண்டு இறங்கினால் சரி.

பலகைக்கு முன்பு பலாமரம், இப்போது 12 மி.மீ. தண்ணீர் தாங்கும் பிளைவுட். அதன் மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் கோந்தும் கலந்த பூச்சு மூன்று நான்கு தரம், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு உப்புத்தாள் தேய்ப்பு. வரைந்த படத்தைப் பலகைக்கு மாற்றுதல், கல் பதித்தல், மக்கு வேலை (பசையால் புடைப்பு எழுப்புவது), தங்க ரேக் (மெல்லிய தகடு) ஒட்டுதல், அதன் பிறகுதான் வண்ணம்.

புதியவர்களுக்குத் தவறும் இடம் மக்கு. புடைப்பு உயரமாக வேண்டும் என்று ஒரே தடவையில் கொழகொழவென்று ஏற்றினால் மேல்பகுதி முதலில் காய்ந்து இறுகும், உள்ளே ஈரம் இருக்கும், பிளந்துவிடும். மின்விசிறிக்கு அடியில் வைத்தால் இன்னும் மோசம். மெல்லிய அடுக்காக இரண்டு மூன்று தரம் ஏற்றி, நிழலில் காய விடுங்கள். ரேக் 22 காரட்தானா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு கலந்த போலித் தகடு சில வருடத்தில் கறுக்கும். போலித் தகடில் செய்தால் அதை வாங்குபவரிடம் சொல்லி அதற்கான விலையில் கொடுங்கள்.

ஆனால் ஒன்று. இந்த மரபில் உருவம் நேர்முகமாக, அசையாமல் வீற்றிருக்கும். ஆடியவரிடம் இருக்கும் பெரிய முதல் அசைவின் அறிவு. அதற்கு இங்கே இடம் குறைவு. இரண்டு வருடம் அடுப்பெரிய உதவும் வேலை என்ற அளவில் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் உருவ ஓவியத்தை விடாமல் நடத்துவதே புத்திசாலித்தனம் என்பது என் தீர்மானமான கருத்து.

---

நீலமும்காவியும்

உருவ ஓவியத்துக்கு எந்த ஊடகம் என்றால், நம் தட்பவெப்பத்துக்கு அக்ரிலிக்கில் தொடங்கலாம். எண்ணெய் வண்ணம் அழகுதான், ஆனால் வார்னிஷ் அடிக்க ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானே சூடாகித் தீப்பிடிக்கும். தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில்தான் போட வேண்டும். வீட்டிலேயே வேலை செய்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் எண்ணெயில் இறங்கக்கூடாது.

அக்ரிலிக்கின் தொல்லை, சென்னை வெயிலில் தட்டிலேயே காய்ந்துவிடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரமான ஸ்பாஞ்ச், அதன் மேல் பட்டர் பேப்பர், அதன் மேல் வண்ணம். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும்.

ஆறு டியூப் போதும்: டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் நீலம், ஒரு நல்ல சிவப்பு, ஒரு எலுமிச்சை மஞ்சள். நம் தோல் நிறத்துக்கு அடித்தளம் பர்ன்ட் சியன்னாவும் ஆக்கரும். நிழலுக்கு அதே கலவையில் அல்ட்ராமரின். வெளிச்சத்துக்கு உடனே வெள்ளையைக் கொட்டாதீர்கள், தோல் சாம்பல் பூத்துவிடும். முதலில் ஆக்கரைக் கூட்டுங்கள், அப்புறம் துளி சிவப்பு கலந்த மஞ்சள், வெள்ளை கடைசியில் துளி. அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி கறுக்கும் என்பதால் ஈரத்தில் சற்று வெளிறலாகவே கலக்க வேண்டும்.

ஜரிகைக்குத் தங்கப் பெயின்ட் வேண்டாம். புகைப்படத்தில் அது பழுப்பாக விழும், பக்கத்தில் இருக்கும் நிறத்தோடு சேரவும் சேராது. ஆக்கர், பழுப்பு நிழல், நுனியில் எலுமிச்சை மஞ்சளும் வெள்ளையும் கலந்த கூர்மையான புள்ளி. நெத்திச்சுட்டியும் ராக்கொடியும் இப்படித்தான் மின்னும்.

---

சட்டப்பக்கம்

புகைப்படத்தைப் பார்த்து வரைபவர்கள் கவனத்துக்கு. 1957 பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 17இன்படி, நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் நீங்களே முதல் உரிமையாளர். தானாக வந்து எடுத்த புகைப்படக்காரரின் படம் பொதுவாக அவருடையது. பத்திரிகைக்காரர் வேலையின் பேரில் எடுத்தது என்றால் பத்திரிகையின் உரிமையும் அதில் வரும். படத்தில் இருப்பது நீங்கள் என்பதால் உரிமை வந்துவிடாது. எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

அதே பிரிவு மறுபக்கமும் வெட்டும். ஒருவர் காசு கொடுத்து உங்களிடம் ஓவியம் வரையச் சொன்னால், ஒப்பந்தம் இல்லாதபோது பதிப்புரிமை அவருக்குப் போய்விடும். நாளைக்கு அந்தப் படத்தை நாட்காட்டியில் போடவோ பிரதி விற்கவோ உங்களால் முடியாது. "பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும்" என்று ரசீதில் ஒரு வரி எழுதி, கொடுப்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

---

கரித்துண்டு

புகைப்படம் பற்றிப் பேச்சு வந்ததால். முதல் வரிசைக்குக் கீழிருந்து மேடையைப் பார்த்து எடுத்த படத்தில் கால் நீண்டு தலை சிறுத்திருக்கும். கைப்பேசியில் கிட்டத்தில் எடுத்தால் முன்னால் நீட்டிய கை பூதாகாரமாகும். வரைவதற்கென்று எடுப்பதானால் நாலைந்து மீட்டர் தள்ளி நின்று, கேமராவை இடுப்பு உயரத்தில் வைத்து, கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். விளக்கு ஒரே பக்கத்திலிருந்து ஒன்று போதும். மேடைப் படங்களில் சிவப்புப் பட்டு வெளுத்துத் தட்டையாகிவிடும். அந்த நிறத்தை நம்பாமல் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு கலக்குங்கள்.

---

மேடைப்பக்கம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு கேள்வி பாக்கி. ஒன்று, ஏற்கெனவே பழுதான முட்டியோடு மணிக்கணக்கில் ஈசல் (படத்தைத் தாங்கும் சட்டம்) முன் நிற்க முடியுமா? இரண்டு, விலை எப்படி வைப்பது?

---

ஜதிக்காரன்

நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டாம், உட்கார்ந்துகொண்டே செய்யவும் வேண்டாம். உயரமான ஸ்டூல், ஒரு காலை வைக்கப் படி. படத்தின் நடு கண் மட்டத்தில் இருக்கும்படி ஈசலை ஏற்றி இறக்குங்கள். கீழ்ப்பகுதி வரையும்போது குனியாமல் படத்தை மேலே ஏற்ற வேண்டும். 25 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பத்தடி பின்னால் போய்ப் பாருங்கள், அது படத்துக்கும் நல்லது. முட்டிக்கு வந்த ஓய்வு தோளுக்கும் கழுத்துக்கும் வராது. ஆடி வளர்ந்தவர்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு தொடரும் பழக்கத்தில் இருப்பதால் கட்டைவிரல் அடியில் வரும் வலியை அலட்சியப்படுத்துவார்கள். தூரிகைப் பிடியில் பஞ்சுக் குழாய் சுற்றித் தடிமனாக்கினால் அழுத்திப் பிடிப்பது குறையும்.

வகுப்பை ஒரேயடியாக விடக்கூடாது. வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, மூன்று நாள் ஓவியம் என்று முழு நாளாகப் பிரித்தால்தான் வேலை நடக்கும். சாயங்காலம் மிச்சமான ஒரு மணி நேரத்தில் ஓவியம் என்பது நடக்காத காரியம்.

---

பொன்தகடு

விலைக்கு இரண்டு கணக்கு உண்டு. சதுர அங்குலக் கணக்கில், அங்குலத்துக்கு 30 ரூபாய் என்று வைத்தால் 24×36 படம் 864 சதுர அங்குலம், 25,920 ரூபாய். அதே கணக்கில் 12×16 படம் 5,760தான் வரும். ஆனால் சின்னப் படத்தின் முகத்துக்கும் கைக்கும் ஆகும் நேரம் அப்படிக் குறையாது. நீளமும் அகலமும் கூட்டும் கணக்கில், அங்குலத்துக்கு 400 ரூபாய் என்றால் பெரியது 24,000, சின்னது 11,200. உருவ ஓவியத்துக்கு இரண்டாவது கணக்கே நியாயமாக இருக்கிறது. (ரூபாய் எண்கள் கணக்கு புரிவதற்கு. அவரவர் தரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.)

கேலரிகள் 30 முதல் 50 சதவீதம் வரை கமிஷன் கேட்பது சகஜம். அதைச் சேர்த்தே விலையை நிர்ணயித்து, வீட்டில் விற்றாலும் அதே விலையில் விற்க வேண்டும். வீட்டில் பாதி விலை என்று தெரிந்தால் எந்தக் கேலரியும் மறுபடி கூப்பிடாது. சென்னையில் லலித் கலா அகாடமியின் கிரீம்ஸ் சாலை மையம், சோழமண்டலம் ஓவியர் கிராமம், தட்சிணசித்ரா மூன்றையும் நேரில் போய்ப் பார்த்து, சுவர் நீளம் அளந்து, அதன் பிறகு எத்தனை படம் என்று முடிவு செய்யுங்கள்.

---

சிற்பநூல்

"ஆடியவர் வரைந்த படம்" என்ற அடையாளம் பற்றி. முதல் கண்காட்சிக்குப் பழைய ரசிகர்கள் வருவார்கள், அன்பால் வாங்குவார்கள். அதை விற்பனை என்று நம்பி அடுத்த வருடத்துக்குக் கணக்குப் போடக்கூடாது. இரண்டாவது கண்காட்சியில் சுவரில் இருப்பது மட்டும்தான் பேசும்.

ஒரு கலையிலிருந்து இன்னொன்றுக்குப் போனவர்கள் புதிதல்ல. உதய் சங்கர் பம்பாயிலும் லண்டனிலும் ஓவியம் படித்துவிட்டுத்தான் நடனத்துக்கு வந்தார். அமலா சங்கர் ஆடவும் செய்தார், வரையவும் செய்தார். நம் எஸ். ராஜம் கர்நாடக இசையும் ஓவியமும் இரண்டையும் வாழ்நாள் முழுவதும் நடத்தினார். அஜந்தாவின் சாயலை இவர் ஓவியங்களில் பார்க்கலாம். அவர் வரைந்த மும்மூர்த்திகள் இன்றும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். அதற்குக் காரணம் அவர் ஓவியத்தையும் முறையாகப் படித்தது.

பண உதவிக்கு மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் சீனியர், ஜூனியர் ஃபெலோஷிப்பைப் பாருங்கள். இரண்டு வருட ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். "கரணங்களை எடையின் கோணத்தில் வரைந்து ஆவணப்படுத்தல்" போன்ற திட்டத்தை நடனமும் ஓவியமும் தெரிந்த ஒருவரைவிட யார் நன்றாக எழுத முடியும்?

---

வாய்க்கால்கரை

ஒரு சின்ன சந்தேகம். வெளியூருக்கு அக்ரிலிக் படத்தை அனுப்பும்போது குமிழ் உறையை நேரடியாகச் சுற்றலாமா?

---

நீலமும்காவியும்

கூடாது. லாரிச் சூட்டில் அக்ரிலிக் இளகும், குமிழின் வட்டம் வட்டமான தடம் படத்தில் பதிந்துவிடும். முதலில் கிளாசின் தாள் (கிடைக்காவிட்டால் மெழுகு பூசாத பட்டர் பேப்பர்), நாலு மூலைக்கும் அட்டை முக்கோணம், மேலே குமிழ் உறையைக் குமிழ் வெளிப்பக்கம் இருக்கும்படி சுற்றி, இரண்டு பக்கமும் மெல்லிய பிளைவுட். கார்த்திகை மழை மாதங்களில் வீட்டில் வைக்கும்போது பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் நிறுத்தி வையுங்கள்.